கோபுரத்துக்கு விளக்கு, குட்டியாருக்குப் பொன்னாடை

போன மாதம் இரண்டாவது ஞாயிறு. ஆராதனை முடிந்து ஆசீர்வாதம் கூறுவதற்கு முன்னால் எங்கள் ஊர்க் கோவிலில் ஒரு சின்ன நிகழ்ச்சி நடந்தது. கோவில் குட்டியாருக்கு வழியனுப்பு. செயலர் அண்ணாச்சி ஒரு பொன்னாடையைப் போர்த்தினார். பொருளாளர் ஒரு கவரைக் கொடுத்தார். ஐயர் நாலு வார்த்தை நல்லதாகப் பேசினார். சபையார் கை தட்டினோம். எல்லாம் சேர்த்து ஆறு நிமிஷம் இருக்கும். அதற்குள் பிள்ளைகள் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

கவரில் 10,000 ரூபாய். 31 வருஷ வேலைக்கு.

வெளியே வந்தேன். புதுக் கோபுரத்துக்குச் சாரம் இன்னும் முழுதாகப் பிரிக்கவில்லை. மேலே விளக்கு மாட்டிக்கொண்டிருந்தார்கள். நிறம் மாறி மாறி எரிகிற விளக்காம். அந்த விளக்குக்கு மட்டும் 1,40,000 ரூபாய். கோபுரத்துக்கு 52 லட்சம். இரண்டையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள், அதனால் இது ரகசியம் இல்லை.

அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். கொஞ்சம் காரமாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். யாரைத் திட்டுகிறேன் என்று பாதி வழியில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்தார் அல்லாதவர்களுக்கு ஒரு விளக்கம். கோவில் குட்டியார் என்றால் கோவில் வேலையாள். எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர்களும் ஆலயத்தைக் கோவில் என்றுதான் சொல்லுவோம். காலை ஜெபத்துக்கும் மாலை ஜெபத்துக்கும் மணி அடிப்பது, கதவு திறப்பது, பூட்டுவது, பெருக்குவது, பெஞ்சு துடைப்பது, பாட்டு எண் பலகையை மாட்டுவது, நற்கருணைப் பாத்திரங்களைக் கழுவித் துடைத்து எண்ணி வைப்பது, கல்யாணம் என்றால் கம்பளம் விரிப்பது, சாவு என்றால் துக்க மணி அடித்துவிட்டுக் கல்லறைத் தோட்டத்துக்கு ஓடிப்போய் கேட்டைத் திறப்பது எல்லாம் அவர் வேலை. ஐயர்மார் மூன்று நான்கு வருஷத்துக்கு ஒரு முறை மாறிப் போவார்கள். கமிட்டி தேர்தலுக்குத் தேர்தல் மாறும். குட்டியார் மாறமாட்டார். என் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் துக்க மணி அடித்தவர் இவர்தான். என் மகளின் கல்யாணத்தன்று மழை கொட்டியபோது, மணப்பெண்ணின் சேலை நனையாமல் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றவரும் இவர்தான்.

சேர்ந்தபோது மாதம் 300 ரூபாய். போன மாதம் விடைபெற்றபோது 6,000. வயது 67. இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. படி ஏற முடியவில்லை என்பதால்தான் நின்றார், இல்லையென்றால் இன்னும் அடித்துக்கொண்டிருப்பார்.

நான் கருவூலத்தில் 34 வருஷம் வேலை பார்த்தவன் என்பது இங்கே வழக்கமாக வருகிறவர்களுக்குத் தெரியும். ஓய்வூதியம் என் மேஜை வழியாகப் போன சங்கதி. வருஷா வருஷம் நேர்காணலுக்கு வருகிற கிழவர்களையும் கிழவிகளையும் உட்காரவைத்து, கைரேகை வாங்கி, "நல்லா இருக்கீங்களா அம்மா" என்று கேட்டு அனுப்பியவன். பணிக்கொடைக் கணக்கு எனக்கு வாய்ப்பாடு மாதிரி. 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் போட்டுக் கொடுத்த கணக்கு இது: கடைசி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வேலை பார்த்த வருஷத்தால் பெருக்கு. ஒரு வருஷ உழைப்புக்குப் பதினைந்து நாள் கூலி. அவ்வளவுதான்.

அன்று மத்தியானம் ஒரு பழைய காலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். 6,000 வகுத்தல் 26, பெருக்கல் 15, பெருக்கல் 31. விடை 1,07,308 ரூபாய்.

கோபுர விளக்கின் விலையைவிடக் குறைவு. கோபுரச் செலவில் நூற்றுக்கு இரண்டு ரூபாய்.

மறு வாரம் கமிட்டி கூடியது. இப்போது நான் கமிட்டியில் இல்லை. இருந்தாலும் கேட்டுக்கொண்டு போய், இந்தக் கணக்கைப் படித்தேன். கிடைத்த பதில்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். இவை எங்கள் ஊர்ப் பதில்கள் மட்டும் அல்ல என்று எனக்குத் தெரியும். உங்கள் ஊரிலும் இதே பதில்தான் கிடைக்கும்.

முதல் பதில்: "அது வேலை இல்ல அண்ணாச்சி, ஊழியம். அதுக்குப் பலன் பரலோகத்துல."

சரி. கோபுரம் கட்டிய ஒப்பந்தக்காரரும் நம் சபையார்தானே? அவருக்கும் பரலோகத்தில் பலன் என்று சொல்லியிருக்கலாமே? அவருக்கு ரொக்கம், குட்டியாருக்குப் பரலோகமா? வேதம் கூலியைப் பற்றிப் பேசும்போது பரலோகத்துக்குத் தள்ளிப்போடவே இல்லை. உபாகமம் 24-ஆம் அதிகாரத்தில் கூலிக்காரனின் கூலிக்குக் கெடு, சூரியன் அஸ்தமிப்பது. அன்றைய சூரியன். யாக்கோபு தன் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் ஒரு படி மேலே போகிறார். பிடித்து வைத்த கூலிக்கு வாய் முளைத்துவிடுகிறது, அது கூக்குரலிடுகிறது, அந்தச் சத்தம் சேனைகளின் கர்த்தருக்குக் கேட்கிறது என்கிறார். நாம் ஒலிபெருக்கி வைத்துப் பாடுகிற பாட்டைவிட அந்தச் சத்தம் முந்திக்கொண்டு போய்விடும் என்பது என் பயம்.

இரண்டாம் பதில்: "சட்டப்படி நமக்குப் பொருந்தாது."

சொன்னவர் வக்கீல். அவர் சொன்னது சரிதான். சட்டப்படி பணிக்கொடை பத்துப் பேராவது வேலை பார்க்கிற இடத்துக்குத்தான். எங்கள் கோவிலில் சம்பளம் வாங்குகிறவர்கள் குட்டியாரையும் தோட்டக்காரரையும் சேர்த்து மூன்று பேர். வருங்கால வைப்பு நிதிக்கு இருபது பேர் வேண்டும். ஆகையால் ஒரு நீதிமன்றமும் எங்களைக் கேட்காது.

ஆனால் நாம் மலைப்பிரசங்கத்தை வாசித்தவர்கள். ரோம வீரன் சுமையைத் தூக்கச் சொன்னால் அவன் சொன்ன மைல் தூரம் மட்டும் போகாதே, கூட ஒரு மைல் போ என்று கற்றுக்கொண்டவர்கள். முதல் மைல் சட்டம். இரண்டாம் மைல்தான் நம்முடையது. ஊரில் பீடி முதலாளியும் ஜவுளிக்கடை முதலாளியும் முதல் மைல் நடந்தே தீர வேண்டும், இல்லையென்றால் லேபர் இன்ஸ்பெக்டர் வந்துவிடுவார். நாம் என்ன செய்கிறோம்? நமக்கு முதல் மைலும் கிடையாது என்று வக்கீலை வைத்து நிரூபிக்கிறோம்.

மூன்றாம் பதில்: "கோபுரத்துக்குன்னு கொடுத்த பணத்தை வேறதுக்கு எடுக்க முடியாது."

கணக்கு எழுதிப் பிழைத்தவன் என்ற முறையில் இதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு தலைப்பில் வந்ததை வேறு தலைப்பில் செலவழிக்கக் கூடாது. நான் கேட்பது, தலைப்பு ஏன் இல்லை என்பதுதான். எங்கள் வரவு செலவுத் திட்டத்தில் மின்விளக்கு அலங்காரம் என்று ஒரு தலைப்பு இருக்கிறது. அசனப் பண்டிகைக்கு இருக்கிறது. பொன்னாடை, மாலை வகையறாவுக்கு இருக்கிறது. வேலைக்காரரின் முதுமை என்று ஒரு தலைப்பு இல்லை. ஒரு சபையின் விசுவாசம் என்ன என்று தெரிய வேண்டுமானால் அதன் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. கணக்குப் புத்தகத்தின் தலைப்புகளைப் பாருங்கள். வீட்டுக்கும் இது பொருந்தும்.

நான்காம் பதில்: "கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் ஆளுங்க கையில கொடுக்கிறாங்களே."

கொடுக்கிறார்கள். இருநூறு, முந்நூறு. அவர் வாசலில் நின்று, கொஞ்சம் குனிந்து, வாங்கிக்கொள்கிறார். அப்படி நின்றால்தான் மாதம் ஓடும் என்கிற நிலையில் அவரை வைத்தது யார்? உரிமையாகக் கொடுக்க வேண்டியதைக் குறைத்துவிட்டு, மிச்சத்தைத் தயவாகக் கொடுப்பதில் நமக்கு ஒரு சந்தோஷம் இருக்கிறது. உரிமையாகக் கொடுத்தால் அவர் நிமிர்ந்து நின்று வாங்கிக்கொள்வார். தயவாகக் கொடுத்தால் குனிந்து கும்பிடுவார். அந்தக் கும்பிடு நமக்குப் பிடித்திருக்கிறது.

ஐந்தாம் பதில்தான் எல்லாவற்றிலும் பலமானது. அதைச் சொன்னவர் நல்ல மனிதர், ஜெபிக்கிறவர், நான் மதிக்கிறவர். "அண்ணாச்சி, பெத்தானியாவுல ஒரு ஸ்திரீ விலையேறப்பெற்ற தைலத்தை ஆண்டவர் மேல ஊத்துனா. இதை வித்துத் தரித்திரருக்குக் கொடுத்திருக்கலாமேன்னு கேட்டது யூதாஸ். ஆண்டவர் அவளைப் பாராட்டினார். தேவனுக்குன்னு தாராளமாச் செய்யும்போது குறுக்க பேசக் கூடாது."

இதற்கு அன்று கூட்டத்தில் எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்தேன். இப்போது சொல்கிறேன்.

அந்தப் பெண் உடைத்தது அவளுடைய பரணியை. அடுத்த வீட்டுக்காரன் பரணியை அல்ல. அந்த வீட்டு வேலைக்காரியின் கூலியைப் பிடித்து வைத்துத் தைலம் வாங்கி ஊற்றியிருந்தால் ஆண்டவர் என்ன சொல்லியிருப்பார் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். இன்னொன்று. தரித்திரர் எப்போதும் உங்களிடத்தில் இருப்பார்கள் என்று ஆண்டவர் அங்கே சொன்னது, கேட்டுக்கொண்டிருந்த யூதர்களுக்குப் புதுப் பேச்சு அல்ல. உபாகமம் 15-ஆம் அதிகாரத்தில் மோசே சொன்னதுதான். அங்கே அந்த வாக்கியம் பாதியில் நிற்கவில்லை. எளியவர்கள் தேசத்தில் எப்போதும் இருப்பார்கள், ஆகையால் உன் கையைத் தாராளமாகத் திற என்று முடிகிறது. நாம் முன் பாதியை எடுத்துக்கொண்டு பின் பாதியை விட்டுவிட்டோம்.

இதே மாதிரி நாம் பாதியில் வெட்டி வைத்திருக்கிற இன்னொரு கதை, இரண்டு காசு போட்ட விதவை. காணிக்கை ஞாயிறு வந்தால் அவள் வராத பிரசங்கம் உண்டா? நானே பொருளாளராக இருந்தபோது, சங்கக் காணிக்கை பாக்கி வைத்தவர்களுக்கு அவளை உதாரணம் காட்டிப் பேசியிருக்கிறேன். மாற்கு சுவிசேஷத்தைத் திறந்து, அவளுக்கு முன்னாலும் பின்னாலும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 12-ஆம் அதிகாரத்தில் அவள் வருவதற்குச் சற்று முன்புதான், விதவைகளின் வீடுகளை விழுங்கிவிட்டு நீண்ட ஜெபம் பண்ணுகிறவர்களை ஆண்டவர் கண்டிக்கிறார். அவள் காசு போட்டு முடித்ததும் 13-ஆம் அதிகாரம் தொடங்குகிறது. ஒரு சீஷன் தேவாலயத்தை அண்ணாந்து பார்த்து, எவ்வளவு பெரிய கல், எவ்வளவு பெரிய கட்டடம் என்று வியக்கிறான். ஆண்டவர், ஒரு கல்லின் மேல் ஒரு கல் நிற்காது என்கிறார். முன்னால் விதவையின் வீட்டை விழுங்கினவர்கள், பின்னால் இடியப்போகிற கட்டடம், நடுவில் அந்தக் கட்டடத்துக்குத் தன் ஜீவனத்தையே போட்டுவிட்டுப் போகிற ஏழை விதவை. இதை வெறும் காணிக்கைப் பிரசங்கமாக மட்டும் எப்படி வாசித்தோம்?

நான் கட்டடத்துக்கு எதிரி அல்ல. சிறு வயதில் அப்பாவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து போகும்போது, தேரிக்காட்டைத் தாண்டியதும் மெய்ஞ்ஞானபுரம் பரிசுத்த பவுல் ஆலயத்தின் கோபுரம் தெரியும். 192 அடி. அதைப் பார்த்ததும் வரும் சந்தோஷம் இன்றைக்கும் வருகிறது. ஆனால் அந்தக் கோபுரத்துக்குக் காரணமான ஜான் தாமஸ் ஐயர், 1837-இல் அந்தச் செம்மணல் பூமிக்கு வந்தவர், கோபுரத்தை மட்டும் எழுப்பவில்லை. கிணறு வெட்டினார், மரம் நட்டார், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார். நிழலும் தண்ணீரும் எழுத்தும் கிடைத்த ஜனங்கள் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். இன்று நாம் கோபுரத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

அதற்கும் முன்னால் ரேனியஸ் ஐயர். 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்தவர். கிறிஸ்தவர்களானதால் இருந்த இடத்தில் இருக்க முடியாமல் போனவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியேற்றுவதற்காக 1830-இல் தர்ம சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார். பெயரைப் பாருங்கள், தர்ம சங்கம். நம் சபைகளின் ஆரம்பத்தில் இருந்தது இது: வீடு இல்லாதவனுக்கு ஒரு துண்டு நிலம். நம்மில் எத்தனை பேருடைய பாட்டன் பூட்டன் அப்படிக் குடியேறியவர்கள்! என் அம்மா உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவாள். அது கர்த்தருடைய அரிசி. வீட்டில் எங்களுக்கே அரை வயிறு என்றாலும் அந்தப் பானையில் கை வைக்கமாட்டாள். அப்படிச் சேர்ந்த பணம் இது. அதில் நிறம் மாறுகிற விளக்கு வாங்குகிறோம்.

கோபுரத்தின் கீழே ஒரு கருங்கல் பலகை பதிக்கப் போகிறார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்தவர்கள் பெயர் தங்க எழுத்தில். டோனாவூரில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1951-இல் இறந்தபோது, தன் கல்லறைக்குக் கல் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பிள்ளைகள் கேட்டுக்கொண்டு, பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல் தொட்டியை மட்டும் வைத்தார்கள். நம் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய தூரம்தான் அது. பார்த்துவிட்டு வந்து பலகையில் பெயர் வெட்ட ஆர்டர் கொடுக்கிறோம்.

எரேமியா தீர்க்கதரிசி 22-ஆம் அதிகாரத்தில் ஒரு ராஜாவைப் பிடித்து உலுக்குகிறார். பெயர் யோயாக்கீம். அவன் செய்த குற்றம், அயலானைக் கூலி கொடுக்காமல் வேலை வாங்கி, விசாலமான மாடி கட்டி, கேதுரு பலகை அடித்து, சிவப்பு வர்ணம் பூசியது. அவனுடைய அப்பா யோசியாவும் சாப்பிட்டான், குடித்தான், ராஜாவாகத்தான் இருந்தான், ஆனால் ஏழைக்கு நியாயம் செய்தான், என்னை அறிகிறது என்றால் அதுதானே என்று கர்த்தர் கேட்கிறார். தேவனை அறிவது என்பதற்கு வேதத்தில் இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. கேதுருவின் இடத்தில் டைல்ஸ். வர்ணத்தின் இடத்தில் விளக்கு. மற்றதெல்லாம் அப்படியேதான்.

இவ்வளவும் பேசுகிற நான் யார்? இதைச் சொல்லாமல் இந்தப் பதிவை முடித்தால் அது பொய்.

ஓய்வு பெற்றபின் ஆறு வருஷம் இதே சபையில் பொருளாளராக இருந்தேன். ஒரு நாள் குட்டியார் வீட்டுக்கு வந்தார். திண்ணையில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மகள் நர்சிங் படிக்கிறாள், மாதம் ஒரு ஐந்நூறு கூட்டிக் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்றார். அப்போது சம்பளம் 3,500. கமிட்டியில் வைத்தேன். "கோவில் பணம் அண்ணாச்சி, பார்த்துத்தான் கொடுக்கணும்" என்று ஒருவர் சொன்னார். எனக்கும் அது பொறுப்பான பேச்சாகவே பட்டது. இருநூறு கூட்டினோம். அதே கூட்டத்தில் புது ஒலிபெருக்கிக்கு 1,10,000 ரூபாய் அனுமதித்தோம். இரண்டிலும் கையெழுத்து என்னுடையது. அந்த மாதம் எனக்கு அகவிலைப்படி உயர்வு வந்தது என்பதும் ஞாபகம் இருக்கிறது. என் பணிக்கொடை ஓய்வு பெற்ற கையோடு வந்துவிட்டது. என் ஓய்வூதியம் மாதக் கடைசியில் தவறாமல் வங்கிக்கு வந்துவிடுகிறது. அரசாங்கம் எனக்கு ஜெபம் பண்ணவில்லை, பொன்னாடை போர்த்தவில்லை. கணக்கை மட்டும் ஒழுங்காக முடித்தது.

கமிட்டியில் பேசிவிட்டு வந்த அன்று இரவு, நடந்ததையெல்லாம் மனைவியிடம் ஆவேசமாகச் சொன்னேன். அவள் பூண்டு உரித்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும் ஒரு கேள்வி: "அதெல்லாம் சரி, நம்ம வீட்டுக்கு வாரவளுக்கு ஞாயித்துக்கிழமை லீவு உண்டா?"

எங்கள் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க, பெருக்க வருகிறவள் 11 வருஷமாக வருகிறாள். ஞாயிற்றுக்கிழமையும் வருவாள். நாங்கள் ஆராதனையில் பாடிக்கொண்டிருக்கிற நேரத்தில் அவள் எங்கள் வீட்டுப் பின்கட்டில் தேய்த்துக்கொண்டிருப்பாள். ஓய்வுநாள் கட்டளையை வரிக்கு வரி மனப்பாடமாகச் சொல்லுகிறவன் நான். அதில் உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் என்று தெளிவாக இருக்கிறது. அறுபது வருஷமாகச் சொல்லியிருக்கிறேன். ஒரு முறையும் என் காதில் விழவில்லை.

"அவளுக்கும் 11 வருஷம் ஆச்சு. உங்க காலண்டர்த் தாள்ல அந்தக் கணக்கையும் போடுங்க" என்றாள்.

போட்டேன். தொகை பெரியதில்லை. பெரியதில்லை என்பதுதான் வெட்கம். இப்போது அவள் ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை, சம்பளம் குறைக்கவில்லை. ஞாயிறு பாத்திரம் என் பொறுப்பு. பழகிக்கொண்டிருக்கிறேன், இட்லித் தட்டுதான் உயிரை வாங்குகிறது. தபால் நிலையத்தில் அவள் பெயரில் ஒரு தொடர் வைப்புக் கணக்கு தொடங்கியாயிற்று. ஜன்னல் ஓரம் தனியாக இருந்த அவளுடைய காபி டம்ளரை மனைவி எடுத்து மற்ற டம்ளர்களோடு அடுக்கிவிட்டாள். அந்த டம்ளர் அங்கே இருந்ததை நான் 11 வருஷம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். இதைப் பெருமைக்கு எழுதவில்லை. 71 வயதில் பண்ணுகிற காரியத்தில் என்ன பெருமை?

நம் சாட்சி எங்கே இருக்கிறது என்று பெரிய கூட்டம் போட்டுப் பேசுகிறோம். அது கூலி கொடுக்கிற இடத்தில் இருக்கிறது. ஆட்டோக்காரரிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிற இடத்தில், கொத்தனாருக்கு வார முடிவில் பாக்கி வைக்கிற இடத்தில், சபைப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேரவரும் டீச்சரிடம் "நன்கொடை" கேட்கிற இடத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நாம் என்ன பாடினோம் என்று அவர்களுக்குத் தெரியாது. திங்கட்கிழமை என்ன கொடுத்தோம் என்று தெரியும்.

ஆகவே நான் கேட்பது நான்குதான். எங்கள் கமிட்டிக்கு எழுத்தில் கொடுத்துவிட்டேன். உங்கள் சபைக்கும் பொருந்தினால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, குட்டியாருக்கு 1,07,308 ரூபாய் கொடுக்க வேண்டும். கவரில் அல்ல, காசோலையாக, பணிக்கொடை என்று எழுதி.

இரண்டு, இப்போது சேர்ந்திருக்கிற பையனுக்கு இன்றிலிருந்தே மாதா மாதம் ஒரு தொகையை அவன் பெயரில் வங்கியில் கட்ட வேண்டும். வாரத்தில் ஒரு நாள் ஓய்வும் வேண்டும். ஞாயிறு முடியாதுதான். திங்கள் கொடுக்கலாம்.

மூன்று, வரவு செலவுத் திட்டத்தில் வேலைக்காரர் நலன் என்று ஒரு தலைப்பு. அலங்காரத் தலைப்புக்கு மேலே.

நான்கு, கருங்கல் பலகை வேண்டாம்.

செயலர் அண்ணாச்சி, "பண்டிகை முடியட்டும், பாப்போம்" என்றார். ஸ்தோத்திரப் பண்டிகை வருகிறது. ஏலத்தில் ஒரு வாழைத்தார் ஐயாயிரத்துக்குப் போகும், ஒரு பூசணிக்காய் இரண்டாயிரத்துக்குப் போகும். சில நண்பர்கள், "நாம அஞ்சாறு பேர் சேர்ந்து அந்தப் பணத்தைக் கொடுத்துருவோமே, எதுக்குச் சண்டை" என்கிறார்கள். நல்ல மனசு. ஆனால் வேண்டாம் என்றேன். ஐந்தாறு பேர் கொடுத்தால் அது தர்மம். சபை கொடுத்தால்தான் கடன் அடையும். அவருடைய முட்டி வைத்தியச் செலவுக்கு அவசரம் என்றால் நாங்கள் பார்த்துக்கொள்வோம். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

குட்டியாரைப் போய்ப் பார்த்தேன். இதையெல்லாம் சொன்னேன். அவருக்குச் சங்கடமாகப் போய்விட்டது. "எனக்காக யாரும் மனஸ்தாபப்பட வேண்டாம் ஸார். எனக்கு ஒண்ணும் குறை இல்ல" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "சாவியை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் நானே வச்சிக்கிடட்டுமா? புதுப் பையனுக்கு வடக்கு வாசக் கதவு பூட்டத் தெரியல. ஒரு தூக்குத் தூக்கித்தான் தாழ்ப்பாள் போடணும்" என்றார்.

31 வருஷத்தில் அவர் சபையிடம் கேட்ட இரண்டாவது காரியம் இது. முதலாவது அந்த ஐந்நூறு ரூபாய்.

அடுத்த மாதம் வருடாந்தர சபைக் கூட்டம். எழுந்து நிற்பேன். கை நடுங்கும், குரல் உடையும், யாராவது "போதும் உட்காருங்க" என்பார்கள். இருந்தாலும் அந்தக் காலண்டர்த் தாளைப் படித்துவிட்டுத்தான் உட்காருவேன்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வருகிற ஞாயிறு கோவிலுக்குப் போனால், உங்கள் கோவிலில் மணி அடிக்கிறவருக்கு மாதச் சம்பளம் எவ்வளவு என்று விசாரித்துப் பாருங்கள். ஐயரிடமோ பொருளாளரிடமோ கேட்காதீர்கள். அவரிடமே கேளுங்கள். பதில் தெரிந்தபின் உங்களுக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கினால், நான் எழுதினதெல்லாம் தப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.